மற, வாதவரே

இரத்தினம்மா ரீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தலையிடி சனிக்கிழமை பின்னேரமே தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் அவளுடைய புருசன் முத்துக்குமாரு விறாந்தையில் இருந்த பெட்டி ஆர்மோனியத்தின் முன்னால் வாங்கை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். காலால் மிதித்தால் காற்று ஏறும், கையால் அழுத்தினால் சத்தம் வரும். மறுநாள் ஆலயத்தில் பாடவேண்டிய பாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்பார். வாசிப்பதோடு நின்றால் பரவாயில்லை. கூடவே பாடவும் பாடுவார். அதுதான் அவளுக்குப் பொறுக்காது.

குரல் ஒன்றும் கெட்ட குரல் இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அவர் பாடும்போது தமிழ்ச் சொற்கள் இடுப்பில் வெட்டுப்பட்டு இரண்டாகக் கிடந்தன. தலை ஒரு வரியில், கால் மறு வரியில். அடுப்படியில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருப்பவள் ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணை மூடித் திறப்பாள்.

அவளுடைய காது அப்படிப் பழகிய காது. மானிப்பாயில் மிசன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது வருசத்துக்கு மேலாகக் கீழ்வகுப்புக்குப் படிப்பித்தவள் அவள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் பிள்ளைகள் வரி முடிந்தால் சொல்லும் முடிந்தது என்று நினைப்பார்கள். அச்சுக்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. தாளில் இடம் முடிந்ததும் சொல்லை எந்த எழுத்திலும் முறித்து, மிச்சத்தைக் கீழ்வரிக்குத் தள்ளிவிடுவார்கள். “பூனை பாலைக் குடித்” என்று ஒரு பிள்ளை நிற்கும். நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு, “தது” என்று ஏதோ புது மிருகத்தின் பேரைப்போலச் சொல்லும். வருசத்துக்கு முப்பது பிள்ளைகள். அத்தனை பேருடைய வாயிலிருந்தும் அந்த மிருகத்தைத் துரத்தி, பூனையைப் பால் குடிக்க வைப்பதுதான் அவளுடைய சீவியமாக இருந்தது. அந்த வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே ஐம்பத்தைந்து வயதில் ஒரு பிள்ளை வாங்கில் இருந்து அதையே செய்கிறது.

முத்துக்குமாரு மலாயாவில் ரயில்வேக் கிளாக்கராக இருந்தவர். கலியாணம் முடித்த ஆண்டிலேயே ஈப்போவுக்குப் போனவர், நாலைந்து வருசத்துக்கு ஒருமுறை லீவில் வந்து, மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்துவிட்டுத் திரும்பிப் போவார். வீட்டையும் காணியையும் ஒரே மகள் அருந்ததியையும் பார்த்தது இரத்தினம்மாதான். அருந்ததியைக் கொழும்பில் கட்டிக்கொடுத்துவிட்டு, இனி ஆறுதலாக இருக்கலாம் என்று அவள் நினைத்த நேரத்தில், முப்பத்தோராம் ஆண்டு, பென்சன் எடுத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். காங்கேசன்துறையிலிருந்து மாட்டுவண்டியில் இரண்டு பெரிய பெட்டிகள் வந்தன. ஒன்றில் உடுப்பு. மற்றதில் அந்த ஆர்மோனியம்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. தான் ஒரு புருசனைக் கலியாணம் முடித்து இருபத்தைந்து வருசம் ஆகியிருக்கலாம், ஆனால் அவரோடு இருந்தது எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் இரண்டு வருசம் தேறாது. அவருக்கு நாலு மணி அடித்தால் தேத்தண்ணி வேண்டும். முட்டியும் சட்டியும் இருந்த ஒழுங்கை மாற்றி வைப்பார். தபாற்காரனுக்குக் கூட இங்கிலீசில் காலை வணக்கம் சொல்லுவார். இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தாள். பாட்டைத்தான் சகிக்க முடியவில்லை.

அவர்களுடைய ஆலயம் மானிப்பாய்க்கும் சண்டிலிப்பாய்க்கும் இடையில் இருந்த ஒரு சின்ன ஆலயம். அங்கே நெடுங்காலமாகப் பாட்டை நடத்தியவர் சீவரத்தினம் என்ற புகையிலைத் தோட்டக்காரர். முன்வாங்கில் நின்று, கையில் தாளத்தை எடுத்து அவர் கீர்த்தனை தொடங்கினால் பின்வாங்கில் தூங்குகிறவனும் எழும்பிப் பாடுவான். தமிழ் மெட்டு, தமிழ்த் தாளம். சொல் முடிகிற இடத்தில் அடி விழும். இரத்தினம்மாவுக்கு அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல நாளாக இருந்தது.

முப்பத்திரண்டாம் ஆண்டு மாரி காலத்தில் சீவரத்தினத்துக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. மூன்று மாதத்துக்குப் பிறகு பொல்லை ஊன்றிக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார், ஆனால் தாளம் தூக்கக் கையில்லை. போதகர் ஐயா பாட்டுப் பொறுப்பை முத்துக்குமாருவிடம் கொடுத்தார். மலாயாவில் வெள்ளைக்காரரின் ஆலயத்தில் பாடினவர், சுரம் எழுதிய புத்தகம் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர், வீட்டில் ஆர்மோனியமும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? சீவரத்தினம் முன்வாங்கில் தன் பழைய இடத்தில் வந்து இருந்தார். ஆனால் வாய் திறந்து பாடவில்லை.

முத்துக்குமாருவுக்கு இங்கிலீசு மெட்டுகள் உயிர். அந்த மெட்டுகளுக்குத் தானே தமிழில் பாட்டுக் கட்டத் தொடங்கினார். அவர் கட்டிய விதம் ரயில்வேக் கந்தோர் விதம். ஒரு சுரத்துக்கு ஓர் எழுத்து. சுரங்களை எண்ணுவார், எழுத்துகளை எண்ணுவார், இரண்டும் சரியாக வந்தால் பாட்டு முடிந்தது. முதல் பாட்டில் புள்ளி வைத்த எழுத்துகளையும் எண்ணிவிட்டார். ‘வரம்’ என்றால் மூன்று எழுத்து, மூன்று சுரம். பாட்டுக் குழுவில் இருந்தவர்கள் அந்த ‘ம்’முக்கு ஒரு முழுச் சுரம் கொடுக்கவேண்டியதாயிற்று. வாயை மூடிக்கொண்டு பத்துப் பேர் ஒன்றாக ‘ம்’ என்று இழுக்க, ஆலயத்துக்குள் வண்டுக் கூடு கலைந்தது போல இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அவள் சொன்னாள், புள்ளி எழுத்துத் தனியே நிற்காது, முன் எழுத்தின் தோளில் சாய்ந்துதான் நிற்கும் என்று. அவர் அதை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு, இனிப் பிழையே வராது என்றும் சொன்னார்.

அடுத்த பாட்டு “உம் வரம் தாரும்” என்று தொடங்கியது. மெட்டில் இரண்டாவது சுரம் நெட்டைச் சுரம். அங்கே ‘வ’ வந்து விழுந்தது. பாட்டுக் குழுவில் முதற்குரல் றோஸ். ஆசுபத்திரியில் தாதியாக வேலை செய்தவள், நல்ல நெஞ்சு, நல்ல மூச்சு. அவள் அந்த ‘வ’வை ஆசையோடு பிடித்து நீட்டினாள். வரம் வாரமாகிவிட்டது. “உம் வாரம் தாரும்.” பின்வாங்கில் இருந்த தோட்டக்காரர் இரண்டு பேர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அறுவடையில் காணிக்காரனுக்கு அளக்கிற பங்கைத்தான் அவர்கள் வாரம் என்று அறிந்திருந்தார்கள். ஆண்டவர் எப்போது எங்களுடைய காணியை வாரத்துக்கு எடுத்தார் என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டதும், இரண்டு பேரும் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டதும் இரத்தினம்மாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

வீட்டுப் படலையைத் திறக்குமுன்பே அவள் தொடங்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சங்கீதமென்றால் நீட்டத்தான் வேண்டும், இங்கிலீசுக்காரர் நீட்டாமலா பாடுகிறார்கள் என்றார்.

“இங்கிலீசிலை நீட்டினாலும் குறுக்கினாலும் அதே சொல்லுத்தான்,” என்றாள் இரத்தினம்மா. “தமிழிலை நீட்டினால் வேறை சொல்லு. படி எண்டால் வாசிக்கிறது, பாடி எண்டால் பாடி முடிச்சது. உங்களுக்கு உது கூடவோ விளங்கேல்லை?”

“சனத்துக்கு விளங்கும். சனம் மடையரில்லை.”

“சனத்துக்கு விளங்கினபடியாலைதான் சிரிச்சது.”

அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். சண்டை பிடிக்கிற புருசனோடு சண்டை பிடிக்கலாம். இந்த மனுசன் ரயில் பிந்தியதற்குக் காரணம் சொல்லுகிற மாதிரிச் சாந்தமாகப் பதில் சொல்லிவிட்டு நாலு மணித் தேத்தண்ணிக்குக் கையை நீட்டுவார். இனி இந்தப் பாட்டுக் கதையில் வாய் திறப்பதில்லை என்று அவள் தனக்குள்ளே சத்தியம் பண்ணிக்கொண்டாள். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள். அதனால்தான் பெரிய பிழை வந்தது.

முப்பத்துநாலாம் ஆண்டு ஆலயம் கட்டி அறுபது வருசம் நிறைந்தது. ஆவணியில் விழா. போதகர் ஐயா ஒரு புதுப் பாட்டுக் கேட்டார். முத்துக்குமாரு மாசிக்குள்ளேயே பாட்டைக் கட்டி, குழுவைப் பழக்கி, பங்குனியில் ஒரு ஞாயிறு ஆராதனையில் அரங்கேற்றியும் விட்டார். கடதாசியில் பார்த்தால் நல்ல பாட்டு. “இந்த ஏழையை மறவாதவரே, வந்தாளும்” என்று ஓர் அடி. என்றைக்கும் என்னை மறக்காத ஆண்டவரே, வந்து என்னை ஆளும். அதில் யார் குறை சொல்ல முடியும்?

மெட்டுச் சொல்லிற்று. மெட்டில் முதல் வரி ‘மற’ என்ற இடத்தில் முடிந்தது. அங்கே ஒரு நீண்ட நிறுத்தம். எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். பிறகு இரண்டாம் வரியை ஆர்மோனியம் முழுக் காற்றோடு தூக்கிக் கொடுக்க, றோஸ் தலையை நிமிர்த்திப் பாடினாள்: “வாதவரே!”

இந்த ஏழையை மற. வாதவரே, வந்தாளும்.

ஆலயத்தில் இருந்தவர்கள் ஒருவர் தவறாமல் முன்வாங்கைப் பார்த்தார்கள். அங்கே சீவரத்தினம் பொல்லின் மேல் இடது கையை வைத்தபடி இருந்தார். வலது கை மடியில் ஒரு பொருளைப் போலக் கிடந்தது. பாட்டில் அந்த அடி நாலு முறை திரும்பி வந்தது. இரண்டாவது முறை வரும்போது அவர் எழும்பினார். பொல்லை ஊன்றி, காலை இழுத்து, நடுவழியால் நடந்து வாசலுக்குப் போனார். முத்துக்குமாரு வாசலுக்கு முதுகு காட்டி இருந்தபடியால் ஒன்றும் தெரியாமல் மிதித்துக்கொண்டே இருந்தார். மற்ற இரண்டு முறையும் பாடித்தான் முடித்தார்கள்.

சீவரத்தினம் அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. முன்பு தான் இருந்த இடத்துக்கு வந்தவன் தன்னை மறந்துவிடச் சொல்லிச் சபை நடுவில் பாடுகிறான், நோயைச் சொல்லிக் கூப்பிட்டும் பாடுகிறான் என்று அவர் சொன்னதாகக் கதை வந்தது. அவர் வேறு சபையில் சேரப்போகிறார் என்றும் கதை வந்தது. போதகர் ஐயா முத்துக்குமாருவைக் கூப்பிட்டு, போய்ச் சமாதானம் பண்ணிக்கொண்டு வரச் சொன்னார்.

முத்துக்குமாருவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அன்று வீட்டில் அவர் பாட்டு எழுதிய தாளைக் கையில் பிடித்தபடி, இதில் எங்கே வாதம் இருக்கிறது, எங்கே வாதம் இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ‘மறவாதவரே’ என்று ஒரே சொல்லாகத்தானே எழுதியிருக்கிறேன் என்றார். இரத்தினம்மா தாளை வாங்கி வைத்துவிட்டு, பாடிக் காட்டச் சொன்னாள். அவர் பாடினார். ‘மற’வில் நின்று மூச்சு வாங்கினார். அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தவர் அப்படியே இருந்துவிட்டார். அன்றைக்குத்தான் முதன்முறையாக அந்த மனுசன் தன் பாட்டைத் தானே கேட்டது. முகம் கறுத்துப்போயிற்று.

“ஐயோ இரத்தினம்,” என்றார். “நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அவளுக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை. சொன்னபோது கேட்காத மனுசன், சொல்லாதபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்.

அடுத்த நாள் பின்னேரம் இரண்டு பேரும் சீவரத்தினத்தின் வீட்டுக்குப் போனார்கள். அவர் முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வாருங்கோ என்றார், இருங்கோ என்றார், மனைவியைக் கூப்பிட்டுக் கோப்பி கொண்டுவரச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் கோபம் எவ்வளவு பெரிதோ உபசாரமும் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அறிந்தவள் இரத்தினம்மா. அவளுக்குப் பயமாக இருந்தது. முத்துக்குமாரு தாளை நீட்டி, அது ஒரே சொல் என்று விளக்கத் தொடங்கினார். சீவரத்தினம் தாளைக் கையில் வாங்கவேயில்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

“தங்கச்சி, கடதாசியிலை என்ன கிடக்கெண்டு எனக்கேன்? நான் வாசிக்க வரேல்லை, கேக்க வந்தனான். என்ரை காதிலை விழுந்ததைத்தான் நான் கேட்டன்.”

பள்ளிக்கூடத்தில் வருசம் வருசமாக இரத்தினம்மா சொல்லிவந்ததே அதுதான். எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விடலாம். வாயில் அப்படி இடமே கிடையாது. ஒரு சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு போய் ஒட்டிக்கொள்ளும், எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். மூச்சு எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை. மூச்சைப் பிழையான இடத்தில் நிறுத்துகிறவன், பக்கத்துக் காணிக்குள் வேலி போட்டவன் மாதிரித்தான். அறியாமல் போட்டேன் என்றால் வேலி தானே பின்னுக்குப் போகுமா?

பாட்டை மாற்றினால் வருகிறேன் என்றார் சீவரத்தினம். மாற்றுகிறோம் என்று இரத்தினம்மா சொல்லிவிட்டாள். முத்துக்குமாரு திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், மெட்டில் ஒரு சுரம்கூட மாற்ற விடமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து ஆடி மாதம் வரைக்கும் அந்த வீட்டில் நிம்மதி இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் விறாந்தையில் உட்காருவாள். சொல்லே இல்லாமல் மெட்டை மட்டும் வாசிக்கச் சொல்லுவாள். பத்து முறை, இருபது முறை. முதல் நாலைந்து நாள் அவள் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவருக்குப் பொறுமை போயிற்று. நீ பாட்டுக் கட்டுகிறாயா, காது குத்துகிறாயா என்று கேட்டார்.

அவள் கண்டுபிடித்தது இது. அந்த மெட்டு பலமாகத் தொடங்கவில்லை. படலையைத் தட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சுரம், அதற்குப் பிறகுதான் காலை ஊன்றி உள்ளே வருகிற பெரிய சுரம். ஒவ்வொரு வரியும் அப்படித்தான். தமிழ்ச் சொல்லோ முதல் எழுத்திலேயே காலை ஊன்றிவிடும். முத்துக்குமாரு தமிழ்ச் சொற்களைத் தலை முதலாக அந்தச் சின்னச் சுரத்தில் கொண்டுபோய் வைத்தார். தலை நசுங்கி, வயிறு வீங்கி, சொல் ஆளடையாளம் தெரியாமல் போயிற்று. ஆகவே முன்னால் ஒரு குட்டிச் சொல் வரவேண்டும். அது குறிலாக இருந்தால் நல்லது. பிறகு நெடிலில் தொடங்கும் ஒரு சொல். அந்தச் சொல் மூச்சு வாங்குகிற இடத்துக்கு முன்னால் முழுதாக முடிந்துவிடவேண்டும். அதற்கடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கக் கூடாது. தொடங்கினால் முன்சொல்லின் வால் தாவிப்போய் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு விலங்கையும் மாட்டிக்கொண்டு கருத்தும் சொல்லவேண்டும் என்றால் யாரால் முடியும்? அவள் எழுதுவாள், அவர் வாசிப்பார், அவள் காதைப் பொத்துவாள். கிழித்துப் போட்ட தாளை அள்ளி அடுப்பெரித்தார்கள். ஒருநாள் அவர் பாதியில் எழும்பி, “மலாயாவிலை நான் நிம்மதியாய் இருந்தன்,” என்றார்.

“நானும் இஞ்சை நிம்மதியாய்த்தான் இருந்தன்,” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை இருவரும் கதைக்கவில்லை. தேத்தண்ணி மாத்திரம் நாலு மணிக்கு விறாந்தைக்குப் போயிற்று.

எட்டாம் நாள் பின்னேரம் அவராக வந்து அடுப்படி வாசலில் நின்றார். நான் இன்றைக்கு வெறும் மெட்டை வாசிக்கிறேன், நீ எங்கே நிற்கலாமென்று சொல்லு, நான் அங்கே நிற்கிறேன் என்றார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கையைக் கழுவிக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் அந்த அடி வந்தது:

“என் நாதனே, நின் காவலே
கை சோரினும், மெய் சோரினும்.”

அவர் பாடிப் பார்த்தார். ‘என்’ படலையைத் தட்டிற்று, ‘நா’ காலை ஊன்றிற்று. மூச்சு வாங்குகிற இடத்தில் சொல் முடிந்திருந்தது. அடுத்த வரியில் ‘கை’யில் வந்ததும் அவர் சட்டென்று நிறுத்தி, சின்னச் சுரத்துக்குக் குறில் வேண்டும் என்று சொன்னாயே, கை நெடில் அல்லவா என்று மடக்கினார். கையைக் குறுக்கினாலும் அது கைதான், வேறு சொல் ஆகாது என்றாள் அவள். அவர் சற்று யோசித்துவிட்டு, சரியென்று தலையாட்டினார். அவளுக்கு உள்ளுக்குள்ளே கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. பிழை பிடிக்கிற அளவுக்கு மனுசனுக்குக் காது திறந்துவிட்டது.

ஆவணி விழாவன்று ஆலயம் நிறைந்திருந்தது. நீர்வேலியிலிருந்து வந்த உறவுக்காரர் வாழைக்குலைகளை வாசலில் கட்டியிருந்தார்கள். சீவரத்தினம் வாக்குத் தவறவில்லை. பொல்லை ஊன்றி வந்து முன்வாங்கில் இருந்தார். இரத்தினம்மா இரண்டு வாங்கு தள்ளிப் பெண்கள் பக்கத்தில் இருந்தாள். பாட்டுத் தொடங்கியது. முதல் வரி கண்ணாடி போல வந்தது. ஒரு சொல் பிசகவில்லை, ஓர் எழுத்து நீளவில்லை. மூன்று வருசத்தில் முதன்முறையாக அவளுடைய தோள் இரண்டும் தளர்ந்தன.

இரண்டாம் வரி. றோஸ் தலையை நிமிர்த்தினாள். “கை சோ—ரினும்,” என்று அந்த நெடிலைப் பிடித்து, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தும் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும்படி பாடினாள். “மெய் சோ—ரினும்.”

இத்தனை மாதம் இரத்தினம்மா குறில் பார்த்தாள், நெடில் பார்த்தாள், எங்கே நிற்பது, எது எதோடு ஒட்டும் என்றெல்லாம் பார்த்தாள். அந்தச் சொற்கள் என்ன சொல்லுகின்றன, யார் முன்னால் சொல்லுகின்றன என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முன்பாவது மெட்டின் மேல் பழி போடலாம். இப்போது பழிபோட ஒன்றும் இல்லை. கை சோர்ந்த மனுசனுக்கு முன்னால் நின்று, கை சோர்ந்தது என்று பச்சைத் தமிழில் பாடுகிறார்கள். பாடியது றோஸ். எழுதியது அவள்.

சபை முழுவதும் மறுபடி முன்வாங்கைப் பார்த்தது. சீவரத்தினம் எழும்பவில்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடியும்வரை பொல்லில் கையை வைத்தபடி இருந்தார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் மரநிழலில் நின்றபோது அவள் அவரிடம் போனாள். அண்ணை, அந்தக் கை என்று தொடங்கினாள். அவர் முந்திக்கொண்டார்.

“இந்தமுறை விளங்கினது, தங்கச்சி. கை சோந்தது எனக்குத் தெரியாத விசயமே? அதுக்கு நான் ஏன் கோவிக்கப்போறன்.” பொல்லால் நிலத்தைத் தட்டினார். “ஆனால் உந்த இழுவை என்னத்துக்கு? கிணத்திலை வாளி இழுக்கிற மாதிரி. ஒரு கீர்த்தனை பாடி முடிக்கிற நேரத்துக்கு உங்கடை ஆக்கள் ஒரு வரி பாடுகினம்.”

முத்துக்குமாரு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. அப்படியென்றால் பின்னேர ஆராதனையில் நீங்கள் கீர்த்தனையே பாடுங்கள் என்றார். சீவரத்தினம் அதைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு இரத்தினம்மாவுக்குப் புதிய தொல்லை ஒன்று பிடித்தது. சீவரத்தினம் ஞாயிறு தோறும் பின்னேர ஆராதனைக்கு வந்தார். வலது கையில் ஒரு தாளத்தைக் கட்டிவிடச் சொல்லி, அதை மடியில் வைத்து, இடது கையால் மற்றத் தாளத்தைக் கொண்டுவந்து அதன்மேல் அடித்தார். குரல் பழைய குரல்தான். அடி மட்டும் அரைக்கணம் பிந்தி வந்தது. சொல் முடிந்து, அடுத்த சொல் தொடங்கிய பிறகு, அதன் நடுமண்டையில் தாளம் விழுந்தது. காலையில் புருசன் சொல்லை வெட்டாமல் இருக்கப் பழகிவிட்டார், பின்னேரம் இவர் வெட்டத் தொடங்கிவிட்டார். இவரிடம் போய்ச் சொல்லவும் முடியாது. இரண்டு வருசம், அவர் சாகும்வரை, அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் அதைக் கேட்டாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம் அதுதான் என்று முத்துக்குமாரு பிற்காலத்தில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவர் பாட்டுக் கட்டுவதை விடவில்லை. புது மெட்டு ஏதாவது பிடித்துக்கொண்டு வந்தால் முதலில் அவளிடம்தான் வாசித்துக் காட்டுவார், எங்கே நிற்கலாம் என்று கேட்பார். அவள் சொல்லுவாள். பாதி கேட்பார், பாதி கேட்கமாட்டார். யுத்தம் வந்து, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, கொழும்பிலிருந்த அருந்ததி பிள்ளைகளோடு வந்து வீட்டில் இருந்த காலத்திலும் அந்தச் சண்டைக்கு ஒரு தட்டுப்பாடும் வரவில்லை. பேரப்பிள்ளைகள் பயந்துபோய்த் தாயிடம் ஓடினால், அது சண்டையில்லை, தாத்தாவும் அம்மம்மாவும் பாட்டுக் கட்டுகிறார்கள் என்று அருந்ததி சொல்லுவாள்.

கடைசியாக நாற்பத்துமூன்றாம் ஆண்டு, ஆண்டவர் பிறந்த நாளான நத்தாருக்கென்று அவர் ஒரு பாட்டுக் கட்டினார். அதன் மூன்றாம் வரியில் “பிறவியெடுத்தாரே” என்ற சொல் மூச்சுக்கு இரண்டு பக்கமும் விழுந்தது. மெட்டு அங்கே நிற்கத்தான் வேண்டும் என்றார் அவர். அங்கே நின்றால் “பிற” என்று பிள்ளையை அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள் அவள். அவள் வேறொரு சொல் சொன்னாள். அவருக்குப் பிடிக்கவில்லை. ஐப்பசி முழுவதும் அந்த ஒரு வரியில் நின்றார்கள். கார்த்திகை முதற்கிழமையில் அவருக்குக் காய்ச்சல் வந்து, சளி நெஞ்சில் இறங்கி, நாலாம் நாள் விடியப்புறம் போய்விட்டார். போவதற்கு முதல்நாள்கூட, அந்த வரியை மாற்றாதே இரத்தினம் என்று கையைப் பிடித்துச் சொன்னார். அவள் நெற்றித் துணியை நனைத்துப் போட்டாள்.

மார்கழியில் றோஸ் வீட்டுக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது, குரல் அப்படியேதான் இருந்தது. குழுவுக்கு ஐயாவின் பாட்டை இந்த நத்தாருக்குப் பாட விருப்பமென்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரத்தினம்மா உள்ளே போய்த் தாளை எடுத்துவந்தாள். மூன்றாம் வரியில் அவருடைய எழுத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். செத்துப்போனார் என்பதற்காகப் பிழையைச் சரியென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். பென்சிலை எடுத்து அந்தச் சொல்லை வெட்டி, மேலே தன் சொல்லை எழுதிக் கொடுத்தாள்.

றோஸ் அதை வாசித்துப் பார்த்தாள். ஐயா சம்மதித்தாரா ரீச்சர் என்று கேட்டாள்.

“இல்லை,” என்றாள் இரத்தினம்மா. “நீ பாடு.”